வந்து சேரும் வண்டி

பொம்மை இரயில் என்றதும் நம்மில் பலருக்கு நினைவில் எழுவது திருவிழாக் கடையில் வாங்கிய தகர வண்டிதான். சாவி கொடுத்தால் வட்டமாக ஓடும். இரண்டாம் நாள் சாவி தொலையும். மூன்றாம் நாள் சக்கரம் கழலும். ஆகவே, எழுபது வயதைக் கடந்த நம் நண்பர் ஒருவர் தம் வீட்டு மாடியில் இரயில் விடுகிறார் என்று கேள்விப்படுவோர் நகைப்பதில் வியப்பில்லை. அவருடைய மைத்துனரே அதை ஓய்வூதியக்காரர் விளையாட்டு என்பார். நகைப்பவர்களில் ஒருவரேனும் அந்த மாடிப்படி ஏறிப் பார்த்ததாக நமக்குத் தெரியவில்லை.

நண்பர் திருச்சி பொன்மலை இரயில்வே பணிமனையில் பிட்டராக உழைத்து ஓய்வு பெற்றவர். பித்தளைத் தகடும் அரமும் அவர் கைக்குப் பழகிய பொருள்கள். பிறந்து வளர்ந்தது மண்டபத்தில். தந்தையார் அப்பகுதியில் பாயிண்ட்ஸ்மேனாக இருந்தவர். அவரோடு பாம்பன் பாலத்தைக் கடந்து தனுஷ்கோடிக்குப் போய்வந்த சிறுவயது நாட்களை நண்பர் இன்றும் மணிக்கணக்கில் சொல்லுவார். பன்னிரண்டு ஆண்டுகளாக அவர் மாடியறையில் கட்டியிருப்பதும் அந்தத் தனுஷ்கோடியைத்தான். 1964-ஆம் ஆண்டு டிசம்பரில் கடல் கொண்டுபோன ஊரை.

சென்ற மாதம் அவரிடமிருந்து அழைப்பு வந்தது. வீட்டை விற்றாகிவிட்டது, சென்னையில் மகள் வீட்டோடு இருக்கப் போகிறோம், அங்கே இந்த மேசைக்கு இடமில்லை என்றார். "அறுத்துப் போடுவதற்குமுன் ஒரு மாலைப்பொழுது வந்து வண்டி ஓட்டிப் பாருங்கள். உங்கள் கேமராவையும் கொண்டுவாருங்கள்" என்று சொல்லி வேறு பேச்சுக்குத் தாவிவிட்டார். அவர் பேச்சை மாற்றிய விதத்திலேயே நமக்கு விஷயம் விளங்கிற்று.

அறையின் மூன்று சுவர்களை ஒட்டி, இடுப்புக்குச் சற்று மேலான உயரத்தில் மேசை ஓடுகிறது. ஒரு முனையில் பாம்பன், மறுமுனையில் தனுஷ்கோடி நிலையமும் கப்பல் துறையும். அளவு எண்பத்தேழில் ஒரு பங்கு. ஐந்தரை அடி மனிதர் இங்கே இரண்டு சென்டிமீட்டர்கூட இரார். மீட்டர் பாதை 12 மில்லிமீட்டராகச் சுருங்கிவிடும். அப்படிச் சுருக்கியும் பாம்பன் பாலம் அடங்க மறுக்கிறது. இரண்டு கிலோமீட்டருக்குமேல் நீண்ட அப்பாலத்தை இதே அளவில் குறைவின்றி அமைப்பதானால் 78 அடி நீளக் கூடம் வேண்டும். நண்பரின் அறையோ 18 அடி. ஆகவே 140-க்கும் மேற்பட்ட கண்களில் பன்னிரண்டை மட்டும் எடுத்துக்கொண்டு, கப்பல்களுக்கு வழிவிடும் தூக்குப் பகுதியை நடுவில் வைத்திருக்கிறார். ஷெர்சர் என்ற அமெரிக்கப் பொறியாளர் வகுத்த முறை அது. இரு கைகளும் பின்னோக்கி உருண்டு மேலெழும். 1914-இல் திறக்கப்பட்ட அப்பாலத்தில் ஆட்களே கையால் சுற்றித் திறந்தார்கள் என்பதால், நண்பரும் மோட்டார் வைக்க மறுத்துவிட்டார். தையல் நூலும் ஒரு சிறு கைப்பிடியுந்தான். சுற்றிப் பார்த்தோம், பொறுமை வேண்டியிருந்தது.

தனுஷ்கோடியின் மணல் தனுஷ்கோடியிலிருந்தே கொண்டுவந்து மெல்லிய துணியில் சலித்த மணல். கடல், வண்ணம் பூசிய பலகையின்மேல் பலமுறை இழுத்த வார்னிஷ். துறையில் நிற்கும் 'இர்வின்' கப்பல் பாதிக் கப்பல். நம் பக்கம் தெரியும் பாதியை மட்டும் செய்து மறுபாதியைச் சுவரோடு ஒட்டிவிட்டார். இர்வினும் கோஷனும் தலைமன்னாருக்குப் பயணிகளை ஏற்றிச் சென்ற நாளில், கொழும்புவரை செல்வதற்குச் சென்னையிலேயே ஒரே சீட்டாக வாங்க முடிந்தது என்பது இன்றைய இளைஞர்க்குக் கதைபோல் தோன்றும். நிலையத்துக்குச் சற்றுத் தள்ளித் தேவாலயம். கூரையிழந்து பவளப்பாறைச் சுவர்களாக நிற்கும் அதன் எஞ்சிய பகுதியைச் சுற்றுலாப் பயணிகள் இன்று படமெடுக்கிறார்கள். இங்கே அதற்குக் கூரை உண்டு.

வண்டி ஓட்டுவதற்குமுன் அரைமணி நேரம் தண்டவாளம் துடைத்தோம். மின்சாரம் தண்டவாளத்தின் வழியாகவே எஞ்சினுக்குப் போகிறது; 12 வோல்ட்டுத்தான். கண்ணுக்குத் தெரியாத தூசிப் படலம் போதும், எஞ்சின் நடுவழியில் நின்றுவிடும். துணியைச் சாராயத்தில் நனைத்து அடி அடியாகத் துடைக்க வேண்டும். இதையெல்லாம் அலுப்பின்றிச் செய்தவள் நண்பரின் பதினொரு வயதுப் பேத்தி. விடுமுறைக்கு வந்திருந்தாள்.

பிறகு பதவிகள் வழங்கப்பட்டன. பேத்தி ஓட்டுநர், நண்பர் தனுஷ்கோடி நிலைய அதிபர், நாம் பாம்பன் நிலைய அதிபர். சுவரில் ஒரு கடிகாரம். பத்து நிமிடத்தில் ஒருமணி நேரம் ஓடுமாறு அதைத் திருத்தி வைத்திருக்கிறார். நம் பக்கத்தில் ஒரு மணியும், கோலிக்குண்டுகள் நிறைந்த ஒரு பெட்டியும். கோலி எதற்கென்று கேட்டோம். ஒற்றைப் பாதையில் எதிரெதிரே இரு வண்டிகள் புகுந்துவிடாமல் காப்பதற்கு நீல் பந்து டோக்கன் என்றொரு முறை நம் இரயில்வேயில் இருந்தது. அடுத்தடுத்த இரு நிலையங்களிலும் கம்பியால் பிணைந்த இரு கருவிகள். அடுத்த நிலையத்தார் இசைவு தந்தாலன்றிப் பந்து வெளிவராது. ஒரு பந்து வெளியே இருக்குமட்டும் இன்னொன்று வராது. பந்து கைக்கு வந்தாலன்றி ஓட்டுநர் வண்டியை எடுக்கமாட்டார். எத்தனையோ உயிர்களைக் காத்த ஏற்பாடு. நண்பரின் மேசையில் பந்துக்குப் பதில் கோலி.

மணியடித்தோம். எதிர்முனையிலிருந்து மணி வந்தது. கோலியைப் பேத்தியின் கையில் கொடுத்தோம். அவள் அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, "கைகாட்டி விழவில்லையே" என்றாள். நமக்கு எதிரேயிருந்த நெம்பைத் தள்ளியதும் தீக்குச்சியளவான கைகாட்டி இறங்கிற்று. போட் மெயில் புறப்பட்டுப் பாலத்தின்மேல் ஊர்ந்தது. எஞ்சின் ஒய்பி வகை. மீட்டர் பாதையில் விரைவு வண்டிகளை இழுத்த குடும்பம். வெளிநாட்டு எஞ்சின் ஒன்றின் அடிப்பாகத்தை வாங்கி, மேலுடம்பு முழுவதையும் பித்தளைத் தகட்டில் தாமே வெட்டி ஒட்டியிருக்கிறார். அது வளைவில் திரும்பித் துறைக்குள் நுழைந்தபோது, அங்கே மூவரும் பெரியவர்கள்தாம், விளையாடியவர் எவருமில்லை.

படமெடுக்கும் வேலை வேறுவகைச் சோதனை. நின்றபடி எடுத்தால் மேசைமேல் வைத்த பொம்மைதான் கிடைக்கும். அங்கே நிற்கும் இரண்டு சென்டிமீட்டர் மனிதரின் கண் எவ்வுயரத்தில் இருக்குமோ அவ்வுயரத்துக்குக் கேமரா இறங்கவேண்டும். இறங்கினாலோ இன்னொரு தொல்லை: இவ்வளவு அருகில் எஞ்சினின் முகம் தெளிந்தால் பின்னால் வரும் பெட்டிகள் மங்கிவிடுகின்றன. கண் உடனே 'பொம்மை' என்று கண்டுகொள்வது இந்த மங்கலைக் கண்டுதான். அதனால் லென்சின் துளையை எஃப் 22 வரை சுருக்கினோம். துளை சுருங்கினால் வெளிச்சம் குறையும். வெளிச்சம் குறைந்தால் நேரம் நீளும். எட்டு விநாடி எவரும் அசையக்கூடாது, மரத்தளம் அதிரும். மின்விசிறி கூடாது, பனைமரங்கள் ஆடும். சித்திரை மாதத்துத் திருச்சியில் மின்விசிறியை நிறுத்தி வைத்துப் படமெடுத்த பெருமை நமக்கு உண்டு.

விளக்கு ஒன்றுதான் வைத்தோம், பிற்பகல் வெயில்போல் சாய்வாக. இரண்டு வைத்தால் ஒவ்வொரு மனிதருக்கும் இரு நிழல் விழும். தனுஷ்கோடிக்கு இரு சூரியன் இல்லை. நான்காவது படத்தில் நடைமேடையில் ஓர் எறும்பு நடந்துவிட்டது. நான்கு மில்லிமீட்டர் எறும்பு இவ்வளவில் ஒரு பூனையாகிறது. பேத்தி அந்தப் படத்தை அழிக்கவே விடவில்லை.

இருட்டியது. நண்பரின் துணைவியார் காப்பியும் முறுக்கும் கொண்டுவந்தார். மின்விசிறி சற்று நேரம் சுழன்றது. பிறகு நண்பர் எழுந்து அறை விளக்கை அணைத்தார். நடைமேடையில் கடுகளவு விளக்குகள் எரிந்தன. தேவாலயத்தின் சன்னல்களிலும் ஒளி தெரிந்தது. ஒரு வீட்டு வாசலில் கிறிஸ்து பிறப்பு நட்சத்திரம் தொங்கிற்று. கடிகாரத்தை 11 மணி 55 நிமிடத்துக்குத் திருப்பி வைத்துவிட்டு, "பாம்பன், 653 தயாரா?" என்றார்.

அவ்வெண்ணை வாசகர் சிலர் அறிந்திருப்பர். 1964 டிசம்பர் 22, செவ்வாய் இரவு 11.55-க்குப் பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குப் புறப்பட்ட பயணி வண்டி அது. புயலில் கைகாட்டியும் தந்தியும் செயலற்றுப் போயின. தனுஷ்கோடியை நெருங்கும் வேளையில் எழுந்த பேரலை எஞ்சினையும் பெட்டிகளையும் வாரிக்கொண்டு போயிற்று. நூறு பேருக்குமேல் இருந்தனர், ஒருவரும் மீளவில்லை. பாலத்தின் கண்கள் பலவும் அன்று போயின. தூக்குப் பகுதி நின்றது. 46 நாட்களில் பாலத்தைச் செப்பனிட்டுவிட்டார்கள். தனுஷ்கோடிக்கு மட்டும் பிறகு வண்டி போகவேயில்லை.

நாம் மணியடித்தோம். கோலி கைமாறிற்று. சில பெட்டிகளே கொண்ட வண்டி, சன்னல்களில் மங்கிய ஒளியோடு இருளில் போயிற்று. ஊருக்கு வெளியே உள்ள கைகாட்டியருகே பேத்தி வண்டியை நிறுத்திச் சீழ்க்கையடித்தாள். நண்பரின் கை நெம்பில் இருந்தது. அறையில் ஒலியில்லை. கைகாட்டி இறங்கிற்று, வண்டி நிலையத்துக்குள் வந்து நின்றது.

"தாத்தா, இந்த வண்டி வந்து சேரவில்லை என்று அம்மா சொன்னார்களே?" என்றாள் பேத்தி.

நண்பர் விளக்கைப் போடவில்லை. "நீ சொல்லும் வண்டி செவ்வாய்க்கிழமை வண்டி. இது திங்கட்கிழமை வண்டி. திங்கட்கிழமை ஒழுங்காக வந்து சேர்ந்தது. அதில் வேலை பார்த்தவர்கள் இறங்கி டீ குடித்திருப்பார்கள். அப்பாவுக்குப் பழக்கமானவர்கள்" என்றார்.

அவள் விட்டாளில்லை. "செவ்வாய்க்கிழமை ஒருநாளும் ஓட்டமாட்டீர்களா?"

"மாட்டேன்."

பன்னிரண்டு ஆண்டுகளாக அவர் அந்தக் கைகாட்டியை இறக்கிக்கொண்டிருக்கிறார் என்பது அப்போதுதான் நமக்கு உறைத்தது. இது உண்மையை மறைப்பதாகாதா என்று கேட்பவர் கேட்கலாம். நமக்கு அவ்வாறு தோன்றவில்லை. அழிந்த ஊரைப்பற்றி எழுதுபவரும் படமெடுப்பவரும் அது அழிந்த இரவை மட்டுமே பற்றிக்கொள்கிறார்கள். அவ்வூருக்கு எத்தனை ஆயிரம் திங்கட்கிழமைகள் இருந்தன என்பதை யார் எண்ணினார்கள்? எனினும் படம் என்பது வேறு. மேசை இல்லாமற்போன பிறகும் அது இருக்கும். முன்பின் அறியாதவர் கையிலும் போய்ச் சேரும். ஆகவே பின்புறத்தில் நாளைத் தெளிவாக எழுதிவைக்க வேண்டுமென்று வற்புறுத்தினோம். நண்பர் மறுக்கவில்லை.

அறை விளக்கை அணைத்தபடியே அந்தப் படத்தை எடுத்தோம். இருபது விநாடி. மூவரும் மூச்சையடக்கி நின்றோம். வண்டி நடைமேடையில் நிற்கிறது. நான்கைந்து பேர் இறங்கியிருக்கிறார்கள், ஒரு பெண் குழந்தையைத் தோளில் போட்டிருக்கிறாள். பின்னால் தேவாலயச் சன்னல்.

பாலம் இருந்த பலகையை மண்டபத்தில் உறவினர் ஒருவர் ஏற்றுக்கொண்டார். உண்மைப் பாலத்தின் பாதை 2007-இல் அகலமாயிற்று. 2022 டிசம்பரில் அதில் போக்குவரத்து நின்றது. 2025 ஏப்ரல் முதல் பக்கத்துப் புதிய பாலத்தில் வண்டிகள் ஓடுகின்றன. நண்பரின் பன்னிரண்டு கண்களும் இனி அவர்கள் கூடத்து அலமாரியின்மேல். எஞ்சினும் பெட்டிகளும் சென்னைக்குப் போயின. கோலிக்குண்டுகள் பேத்திக்கு.

படங்களை அட்டையில் ஒட்டி அனுப்பினோம். பத்து நாள் கழித்து, இரவுப் படத்தின் பின்புறத்தை மட்டும் செல்பேசியில் படமெடுத்து அனுப்பியிருந்தார். பேத்தியின் கையெழுத்து: 'எண் 653. பாம்பனில் புறப்பட்டது 21-12-1964, திங்கள், இரவு 11.55. தனுஷ்கோடியில் வந்து சேர்ந்தது.'