தண்ணி எடுக்கணும்!

மருத்துவப் படிப்பில் முதலில் மிரட்டுவது நோய்கள் இல்லை, பெயர்கள்தான். ஆனால் சில பெயர்களைப் பிரித்துப் பார்த்தால் பாதி பயம் போய்விடும். அப்படி எனக்குப் பிடித்துப்போன ஒரு விகுதி 'சென்டெசிஸ்'. கிரேக்க மொழியிலிருந்து வந்தது. குத்துதல், துளைத்தல் என்று பொருள். முன்னால் எந்த இடத்தின் பெயர் வருகிறதோ அங்கே ஊசி போகிறது, அவ்வளவுதான்!

நெஞ்சுக்கூட்டில் நுரையீரலைச் சுற்றிக் கோர்த்த நீரை எடுத்தால் தோராசென்டெசிஸ். மூட்டில் எடுத்தால் ஆர்த்ரோசென்டெசிஸ். இதய உறையில் பெரிகார்டியோசென்டெசிஸ். பனிக்குடத்தில் அம்னியோசென்டெசிஸ். மகோதரத்துக்கு வயிற்றில் எடுப்பது பாராசென்டெசிஸ். இதில் மட்டும் ஒரு வேடிக்கை: 'பாரா' என்றால் பக்கத்தில் என்றுதான் அர்த்தம். பெயரில் வயிறே இல்லை!

நம் ஊரில் இத்தனைக்கும் ஒரே பெயர், 'தண்ணி எடுக்கிறது'. யோசித்துப் பாருங்கள். கிரேக்கச் சொல் குத்துவதைச் சொல்கிறது, எடுப்பதைச் சொல்லவில்லை. நம் சொல் எடுப்பதைச் சொல்கிறது, குத்துவதைச் சொல்லவில்லை. 'எதற்காக' என்பது இரண்டிலும் இல்லை. நோயாளிக்கு முதலில் வேண்டியதே அதுதான்.

இது எவ்வளவு பெரிய விஷயம் என்று வார்டில்தான் புரிந்தது. கடும் காய்ச்சல், கழுத்து விறைப்போடு ஒரு கல்லூரி வயதுப் பையன். மூளைக்காய்ச்சலா என்று பார்க்க முதுகில் நீர் எடுக்க வேண்டும். இதற்கு சென்டெசிஸ் கிடையாது, 'லம்பார் பங்சர்' என்று பெயர். ஆமாம், சைக்கிள் டியூபுக்கு ஆகும் அதே பங்சர்தான். "முதுகுல தண்ணி எடுத்தா காலு வெளங்காம போயிடும்னு சொல்றாங்களே சார்" என்று அவன் அம்மா கையெழுத்துப் போட மறுத்துவிட்டார்.

சீனியர் டாக்டர் கோபப்படவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து சொன்னார். தண்டுவடம் இடுப்பின் முதல், இரண்டாம் முள்ளெலும்பு அளவிலேயே முடிந்துவிடும். ஊசி போவது அதற்கும் கீழே, மூன்றாவது நான்காவது எலும்புகளுக்கு நடுவில். அங்கே இருப்பவை குதிரைவால் மாதிரி தொங்கும் நரம்புகள். ஊசி வந்தால் பெரும்பாலும் விலகிக்கொள்ளும். எடுப்பது சில மில்லிதான். உடம்பு ஒரு நாளைக்குச் சுமார் 500 மில்லி புதிதாகச் சுரக்கிறது. சிலருக்குத் தலைவலி வரும், சரியாகிவிடும். என்ன கிருமி என்று தெரிந்தால்தான் சரியான மருந்து கொடுக்க முடியும். தாமதித்தால் உயிருக்கே ஆபத்து.

பத்து நிமிடம்தான். அந்த அம்மா கையெழுத்துப் போட்டார்.

ஜெர்மனியின் குவிங்கே இந்த முறையை 1891-ல் வெளியிட்டார். நூற்றாண்டு தாண்டியும் பயம் மட்டும் போகவில்லை. அது மக்களின் அறியாமை என்று நாங்கள் சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். விளக்கிச் சொல்ல எத்தனை பேர் உட்கார்கிறோம்?

உங்கள் வீட்டில் யாருக்காவது 'தண்ணி எடுக்கணும்' என்றால் தயங்காமல் கேளுங்கள்: எங்கே குத்துவீர்கள்? எவ்வளவு எடுப்பீர்கள்? எதற்காக? பதில் சொல்ல வேண்டியது எங்கள் வேலை.