திங்கள், புதன், வெள்ளி

திங்கள், புதன், வெள்ளி. இணையத்தில் தொடராக வரும் வெப்காமிக்ஸ் வரைந்தவர்களில் பலர் தங்கள் தளத்தின் தலைப்புக்குக் கீழே எழுதிவைத்திருந்த வாக்கு இது. வாரத்தில் மூன்று நாள் புதுப் பக்கம் வரும் என்று பொருள். ஏன் வரவில்லை என்று கேட்க முதலாளி இல்லை. தவறினால் பிடித்துக்கொள்ளச் சம்பளமும் இல்லை. பகலில் வேறு வேலை பார்த்துவிட்டு இரவில் உட்கார்ந்து வரைந்தவர்கள், முகம் தெரியாத வாசகர்களுக்குக் கொடுத்த சொல்லை ஆண்டுக்கணக்கில் காப்பாற்றினார்கள். ஷானன் கேரிட்டி 2000-இல் தொடங்கிய 'நார்போனிக்' தொடரை 2006-இன் கடைசி நாள் வரை தினசரியாகவே நடத்தி, நினைத்த இடத்தில் கதையை முடித்தார். அந்தக் காலத்தை நினைத்தால் எனக்கு முதலில் ஏக்கம் தருவது இந்த வைராக்கியம்தான்.

இரும்புக்கை மாயாவியோடு வளர்ந்தவன் நான். காமிக்ஸ் என்றால் சிவகாசியில் அச்சாகிக் கடைக்கு வருவது. அதை யார் வரைந்தார்கள் என்று தேடிப் பார்க்கத் தோன்றியதில்லை. வெப்காமிக்ஸில்தான் வரைந்தவரே எதிரில் வந்து நின்றார். கதை எழுதுவதும் படம் போடுவதும் பேச்சுக்குமிழை நிரப்புவதும் தளத்தில் ஏற்றுவதும் ஒரே ஆள். படத்துக்குக் கீழே, அன்றைக்குக் காய்ச்சல், நாளைய பக்கம் தாமதமாகலாம் என்று நாலு வரி எழுதிவைப்பதும் அவரேதான். கடல்களுக்கு அப்பால் இருந்த அந்த ஆளின் காய்ச்சல் எப்போது குறையும் என்று சென்னையில் உட்கார்ந்து நான் கவலைப்பட்டிருக்கிறேன்.

கனடாக்காரரான ரயன் நார்த் 2003 பிப்ரவரியில் 'டைனோசர் காமிக்ஸ்' தொடங்கினார். ஆறு கட்டங்கள். ஒரு டி-ரெக்ஸ், உடன் பேச இரண்டு டைனோசர்கள், மிதிபடப் போகும் ஒரு குட்டி வீடு. படம் என்றைக்கும் மாறாது. பேச்சு மட்டும் மாறும். அதே ஆறு கட்டத்துக்குள் காதலும் தத்துவமும் மொழியியலும் வந்துபோயின. படத்தின்மேல் மவுஸை வைத்தால் ஒளித்துவைத்த இன்னொரு வரி எழும்பும். வரையத் தெரியாவிட்டாலும் சொல்ல விஷயம் இருந்தால் போதும் என்று எத்தனையோ பேருக்குத் தைரியம் கொடுத்த தொடர் அது.

அதே ஆண்டு ஆகஸ்டில் ஜெஃப் ஜாக்ஸ் 'க்வெஸ்டியனபிள் கான்டென்ட்' தொடங்கினார். அதன் முதல் பக்கங்களில் கோடு விறைப்பாக இருக்கும், முகங்கள் எல்லாம் ஒன்றுபோல இருக்கும். நூறு பக்கம் தாண்டினால் கண்கள் மாறும், இன்னொரு நூறில் உடல்மொழி வரும், ஆயிரத்தைத் தாண்டும்போது வேறு யாரோ வரைந்ததைப் போலிருக்கும். பழைய பக்கங்களை அவர் ஒளித்துவைக்கவில்லை. அச்சுப் புத்தகம் தேர்ந்த கையை மட்டும் நமக்குக் காட்டும். வெப்காமிக்ஸ் சேமிப்பில் ஒரு கை பழகி வந்த பாதை முழுக்கக் கிடந்தது. முதல் பக்கத்தில் ஆரம்பித்து, 'அடுத்தது' பொத்தானை அழுத்தி அழுத்தி விடிய விடியப் படிப்பது ஒரு தனிப் போதை.

இந்தத் தளங்கள் எல்லாம் ஒரே தெருவின் வீடுகளைப் போல இருந்தன. ஒரு வீட்டுக்குப் போனால், பக்கத்து வீட்டையும் பார்த்துவிட்டுப் போ என்பார்கள். 'நான் படிப்பவை' என்று ஒவ்வொருவரும் ஒரு பட்டியல் வைத்திருந்தார்கள். ஒருவர் ஊருக்குப் போனாலோ படுத்துவிட்டாலோ மற்றவர்கள் ஆளுக்கொரு நாள் எடுத்துக்கொண்டு அவருடைய பாத்திரங்களைத் தங்கள் கையில் வரைந்து கொடுப்பார்கள். அந்த விருந்தினர் வாரங்களில்தான் நான் புதிய பெயர்களைத் தெரிந்துகொண்டேன்.

காசும் இந்தத் தெருவுக்குள்ளேயே சுற்றியது. 2006-இல் ரயன் நார்த் தொடங்கிய 'ப்ராஜெக்ட் வொண்டர்ஃபுல்' தளங்களின் விளம்பர இடங்களை நாள் கணக்கில் ஏலம் விட்டது. ஒரு கிளிக்குக்கு இவ்வளவு காசு என்ற கணக்கே கிடையாது. நேற்றுத் தொடங்கிய ஒருவர்கூடச் சில சென்ட் கொடுத்து, இன்னொருவர் தளத்தின் ஓரத்தில் தன் தொடரை ஒரு நாள் காட்டிவிடலாம். டி-ஷர்ட்டும் புத்தகமும் விற்றுத் தர ஜெஃப்ரி ரோலண்ட் தொடங்கிய 'டொபாட்டோகோ' இருந்தது. அவரும் வெப்காமிக்ஸ் வரைபவர்தான். 2010-இல் நார்த்தும் நண்பர்களும் தொகுத்த 'மெஷின் ஆஃப் டெத்' கதைத் தொகுப்பைப் பதிப்பாளர்கள் யாரும் எடுக்காதபோது, தாங்களே அச்சிட்டு, ஒரே நாளில் எல்லோரும் வாங்குங்கள் என்று வாசகர்களைக் கேட்டார்கள். அன்று அமேசான் பட்டியலின் முதலிடத்துக்கு அது போனது. அந்த டைனோசர்களின் பேச்சில் பிறந்த யோசனைதான் அந்தப் புத்தகம்.

கேட் பீட்டனை நான் கண்டடைந்ததும் இந்தத் தெருவில்தான். நோவா ஸ்கோஷியாவின் கேப் பிரெட்டன் தீவில் பிறந்தவர். கல்விக் கடனை அடைக்க ஆல்பர்ட்டாவின் எண்ணெய் மணல் முகாம்களில் வேலை பார்த்தவர். 2007-இல் தொடங்கிய அவருடைய 'ஹார்க்! எ வேக்ரண்ட்' தொடரில் வரலாற்று நாயகர்களும் நாவல் பாத்திரங்களும் அவசரக் கோடுகளில் வந்து சண்டை போட்டார்கள். நான் சிரித்துக்கொண்டே படித்த அந்த ஆளுக்குப் பின்னால் இருந்த குளிரையும் தனிமையையும், 2022-இல் அந்த முகாம் நாட்களைப் பற்றி அவர் வரைந்த 'டக்ஸ்' புத்தகம் வந்தபோதுதான் முழுதாகத் தெரிந்துகொண்டேன். பதினைந்து ஆண்டுகளாகத் தெரிந்த கை என்பதால் அதன் ஒவ்வொரு கோடும் எனக்குக் கூடுதலாக வலித்தது.

தெரு ஒரே நாளில் காலியாகவில்லை. 2013 ஜூலை 1 அன்று கூகுள் ரீடர் நின்றது. புதுப் பக்கம் வந்ததும் வாசகருக்குத் தெரியப்படுத்திய பெரிய வழி அது. அதற்குள் எல்லோரும் சமூக வலைத்தளங்களில் படங்களைப் பகிரத் தொடங்கியிருந்தோம். ஒரு காமிக்ஸ் துண்டு வரும், சிரிப்போம், விரல் அடுத்ததற்குப் போய்விடும். வரைந்தவர் கையெழுத்தை வெட்டி எடுத்துவிட்டுச் சுற்றிய படங்கள் ஏராளம். 2018-இல் 'ப்ராஜெக்ட் வொண்டர்ஃபுல்' மூடப்பட்டது. 2020 முடிவில், அசையும் படங்களை உலாவியில் காட்டிய ஃப்ளாஷ் மென்பொருள் நின்றபோது, அதை நம்பிச் செய்த சோதனை முயற்சிகள் பல திறக்க முடியாமல் போயின. தளத்துக்குப் பணம் கட்டாமல் விட்டதால் மறைந்த தொடர்கள் எத்தனை என்று யாரும் எண்ணியிருக்க மாட்டார்கள்.

வந்த நல்லதையும் சொல்ல வேண்டும். 2014-இல் ஆங்கிலத்துக்கு வந்த கொரியாவின் வெப்டூன், செல்போனில் மட்டுமே படிக்கும் பெருங்கூட்டத்தைக் காமிக்ஸுக்குக் கொண்டுவந்தது. பேட்ரியான் வழியாக வாசகர்கள் மாதாமாதம் பணம் தருவதால், வரைவதையே முழுநேர வேலையாக்கிக்கொண்டவர்கள் இருக்கிறார்கள். இணையத்தில் பக்கம் பக்கமாக வந்த 'நிமோனா' 2023-இல் திரைப்படமானது. முன்பு இரவு மட்டுமே வரைய முடிந்தவர்கள் இன்று பகலிலும் வரைகிறார்கள் என்றால், அதில் எனக்குச் சந்தோஷமே.

பழையவர்களில் பலர் இன்னும் தங்கள் சொந்தத் தளங்களில் இருக்கிறார்கள். டி-ரெக்ஸ் பேசிக்கொண்டுதான் இருக்கிறது. ராண்டல் மன்ரோவின் 'எக்ஸ்கேசிடி' விளம்பரம் இல்லாமல் வாரம் மூன்று நாள் வருகிறது. நான் இழந்தது ஒருவரிடமிருந்து இன்னொருவரிடம் போகும் பாதை. அடுத்து என்ன படிப்பது என்று இன்று எனக்குச் சொல்வது கணினி போடும் ஒரு கணக்கு. நான் முன்பு எதைப் பார்த்தேனோ அதைப் போன்ற இன்னொன்றை அது நீட்டுகிறது. அன்று சொன்னவர் ஒரு கலைஞர். தனக்குப் பொறாமை வரும்படி வரைந்த இன்னொருவரை, எனக்குப் பிடிக்குமா என்று யோசிக்காமல், இதைப் படி என்று காட்டினார்.

அதனால் இன்று புதிதாக வரையத் தொடங்குபவர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. உங்கள் பெயரில் ஒரு தளம் வாங்குங்கள். நன்றாக வராத முதல் பக்கத்தையும் அதிலேயே விட்டுவையுங்கள். ஓரத்தில், நீங்கள் விரும்பிப் படிக்கும் ஐந்து பேரின் பெயரை எழுதுங்கள். அந்த ஐந்தில் ஒன்றாவது எனக்குத் தெரியாத பெயராக இருக்க வேண்டும் என்பது என் ஆசை.