கொட்டாஞ்சேனை மெழுகு வழக்கு

கொட்டாஞ்சேனையில் மெழுகுதிரி வார்ப்பவர் அவர். கோயில் பீடத்துக்கான திரிகளுக்கு மட்டும் தேன்மெழுகு வாங்குவார். அந்த முறை வார்த்த திரிகளைச் சுவாமி மோந்து பார்த்துவிட்டுத் திருப்பி அனுப்பிவிட்டாராம்.

"தம்பி, நான் கேட்டது தேன்மெழுகு. கடைக்காரன் பில்லில எழுதினது செரெசின். எனக்கென்ன தெரியும்?"

என் வெள்ளவத்தை வீட்டு மேசையில் ஒரு கட்டியை வைத்தார். நகத்தால் கீறிப் பார்த்தேன். வெள்ளை வெளேரென்று இருந்தது, மணம் மருந்துக்கும் இல்லை.

1896ஆம் ஆண்டின் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டப்படி, சொல்லி விற்ற பொருளும் கொடுத்த பொருளும் ஒன்றாக இருக்கவேண்டும். நான் அதைப் பிடித்துக்கொண்டேன். புதுக்கடை நீதிமன்றத்தில் எதிர்த்தரப்புச் சட்டத்தரணி கெட்டிக்காரர். லத்தீனில் 'செரா' என்றால் மெழுகு. தேன்மெழுகில் உள்ள செரோட்டிக் அமிலத்துக்கும் அதே வேர். ஆகவே செரெசினும் அந்தக் குடும்பம்தான் என்றார்.

எங்கள் சாட்சி ஓய்வுபெற்ற இரசாயன விரிவுரையாளர். முதல்நாள் தன் வீட்டுப் பின்கட்டில் இரண்டு மெழுகையும் பொட்டாசு கலந்த மதுசாரத்தில் காய்ச்சிக் காட்டியிருந்தார். தேன்மெழுகு கரைந்து தெளிந்தது. மற்றக் குழாயில் எண்ணெய்த் துளிகள் கரையாமல் உருண்டுகொண்டிருந்தன. செரெசின், ஓசோகெரைட் என்ற நிலத்து மெழுகைச் சுத்திகரித்து எடுப்பது. உக்ரைனின் பொரிஸ்லாவில் தோண்டினார்கள். ஓசோகெரைட் என்றால் கிரேக்கத்தில் 'மணக்கும் மெழுகு' என்று அர்த்தமாம்!

அத்தோடு நான் உட்கார்ந்திருக்கலாம். இரவு யோசித்து வைத்த கேள்வி ஒன்று இருந்தது.

"சீரியமும் செராவின் பிள்ளைதானே? பேருவளை மணலில் இருக்கிற அந்த உலோகத்தில் திரி வார்க்க முடியுமா?"

"இல்லை சேர், அது செரெஸ் என்ற குறுங்கோளின் பெயர். வானத்தில் அதைக் கண்டது 1801இல். 1803இல் உலோகத்துக்கு அந்தப் பெயரை வைத்தார்கள்."

நீதிபதி குனிந்து எழுதினார், தோள் குலுங்கியது. சாட்சியோ நிற்பதாயில்லை. மெலிசிக் அமிலம் தேன்மெழுகில் உள்ளது, மெலிட்டிக் அமிலம் மெலைட் என்ற தேன்நிறக் கல்லில் எடுத்தது. ஒஸ்மியா ஒரு தேனீ, ஒஸ்மியம் உலோகம், இரண்டுக்கும் பெயர் வந்தது 'மணம்' என்ற கிரேக்கச் சொல்லால்.

நீதிபதி எதிர்த்தரப்பைப் பார்த்தார். "உங்கள் கட்சிக்காரரிடம் தேன்மெழுகு கேட்டால், எந்த மூட்டையை அவிழ்ப்பார்?"

மதிய இடைவேளைக்குள் சமாதானம் பேச ஆள் வந்தது. மீதி மூட்டைகளை எடுத்துக்கொண்டு காசைத் திருப்பினார்கள். பெரியவர் என் கட்டணத்தோடு நான்கு மெழுகுதிரியும் தந்துவிட்டுப் போனார். எந்த மெழுகு என்று நான் கேட்கவில்லை.