இலைக்கும் தனி விலை

உதவித்தொகை நான்கு மாதங்களாக வந்துசேராத நிலையில்தான் அந்த ஆய்வு மாணவி கொல்கத்தாவுக்குச் சென்றார். கல்லூரித் தெருவை ஒட்டிய ஆவணக்காப்பகம் ஒன்றில் மூன்று வார வேலை. சாந்தினி சௌக் மெட்ரோ நிலையத்துக்கு அருகில் ஒரு சிறிய விடுதியறை. உணவுக்கென அவர் ஒதுக்கியிருந்தது நாளொன்றுக்கு முந்நூறு ரூபாய். கைப்பேசிச் செயலிகள் நட்சத்திரக் குறியிட்டுக் காட்டிய உணவகங்களில் ஒரு வேளைச் சாப்பாடே அத்தொகையை விழுங்கிவிடும். முதல் நாள் இரவே அப்பட்டியலை மூடிவைத்துவிட்டு, மறுநாள் காலையில் நடக்கத் தொடங்கினார்.

நடந்தே சென்று உண்பதற்கு மத்தியக் கொல்கத்தாவைப் போல் வாய்ப்பான நகர்ப்பகுதி இந்தியாவில் அரிது. சாந்தினி சௌக்கிலிருந்து ஏறக்குறைய இரண்டு கிலோமீட்டர் தொலைவுக்குள் கல்லூரித் தெரு, சித்பூர் சாலை, டிரெட்டி பஜார், டல்ஹௌசி, நியூ மார்க்கெட், பார்க் தெரு அனைத்தும் அடங்கிவிடும். ஒவ்வொன்றுக்கும் உரிய பொழுது உண்டு. டிரெட்டி பஜாரில் சீன வம்சாவளியினர் விற்கும் மோமோவும் மீன் உருண்டைச் சூப்பும் விடியலில் தொடங்கிக் காலையிலேயே தீர்ந்துவிடும். டேக்கர்ஸ் லேனில் அலுவலக ஊழியர்கள் ஸ்டூவுக்கும் ரொட்டிக்கும் மொய்ப்பது நண்பகலில். சித்பூர் சாலையில் நாகோடா மசூதியைச் சுற்றியுள்ள கடைகளில் பிரியாணி மணக்கும். 1856இல் நாடிழந்து இந்நகருக்கு வந்த அவத் நவாப் வாஜித் அலி ஷாவின் பரிவாரத்தோடு வந்த சமையல் மரபு அது. எந்தத் தெருவுக்கு எப்போது செல்ல வேண்டும் என்பதை எந்தப் பட்டியலும் அவருக்குக் கற்பிக்கவில்லை. ஒரே வழியில் வெவ்வேறு வேளைகளில் நடந்தபோது தானாகத் தெரிந்தது.

அவருக்கு மிகவும் உதவியவை ‘பைஸ் ஹோட்டல்’கள். ஒரு ரூபாய்க்கு 64 பைஸ் என்றிருந்த காலத்தில், சில பைஸுக்கு வயிறார உண்ணலாம் என்பதால் ஏற்பட்ட பெயர் அது. 1957இல் நாணய முறை மாறியும் பெயர் மாறவில்லை. காப்பகத்துக்கு அருகே, பவானி தத்தா சந்தில் உள்ள ஸ்வாதீன் பாரத் ஹிந்து ஹோட்டல் அவ்வகையைச் சேர்ந்தது. இத்தகைய கடைகளில் ‘முழுச் சாப்பாடு’ என்ற ஒன்று கிடையாது. சோறு, பருப்பு, கசகசா அரைத்துச் சேர்த்த உருளைக்கிழங்கு, வாழைப்பூக் கறி, கடுகரைத்த மீன் குழம்பு என ஒவ்வொன்றுக்கும் தனி விலை. எலுமிச்சைத் துண்டுக்கும், பல கடைகளில் வாழையிலைக்குமே தனி விலை. பரிமாறுபவர் அன்றைய வகைகளை மூச்சுவிடாமல் ஒப்பிப்பார். இறுதியில் மனக்கணக்காகவே தொகையையும் சொல்லிவிடுவார்.

இலைக்கும் காசா என்று முதல் நாள் அவருக்குச் சிரிப்பு வந்தது. மூன்றாம் நாள் அதன் பயன் புரிந்தது. கையில் பணம் குறைந்த நாளில் சோறும் பருப்பும் ஒரு பொரியலும் போதும். மிகுந்த நாளில் மீன். மேசை ஒன்றுதான், இலை ஒன்றுதான். பக்கத்தில் அமர்ந்திருக்கும் புத்தகக் கடைச் சுமையாளரோ பேராசிரியரோ அதைக் கவனிப்பதில்லை. “தீதி, மீன் வேண்டாமா?” என்று கேட்பவர், வேண்டாம் என்றதும் அடுத்த இலைக்கு நகர்ந்துவிடுவார். ஏழ்மையை விளக்கிச் சொல்ல வேண்டாத உணவகமே நல்ல உணவகம் என்று அவர் குறிப்பேட்டில் எழுதிவைத்தார். 1942இல் ஆல்பர்ட் ஹாலில் தொடங்கிப் பின்னர் ஊழியர் கூட்டுறவின் கைக்கு வந்த காப்பி ஹவுஸுக்கும் அவ்வரையறை பொருந்தியது. ஒரு கோப்பைக் காப்பியோடு அங்கே மாலை முழுவதும் அமர்ந்திருக்கலாம்.

பகலில் அவர் தோளில் தொங்கிய பையும் கையிலிருந்த கோப்பும் தெருவில் அவருக்குரிய காரணத்தைச் சொல்லிவிடும். மும்பையை முன்வைத்து ஷில்பா பட்கே, சமீரா கான், ஷில்பா ராணடே ஆகிய மூவரும் 2011இல் வெளியிட்ட நூல், பொதுவெளியில் நிற்கும் பெண் ஏதேனும் ஒரு காரணத்தைக் காட்டியாக வேண்டியிருக்கிறது என்று வாதிட்டது. வகுப்பறையில் அவர் பலமுறை மேற்கோள் காட்டிய வாதம்தான். கணேஷ் சந்திர அவென்யூவில், 1937 முதல் இயங்கும் பிராட்வே விடுதியின் மதுக்கூட வாசலில் ஒரு மாலை நின்றபோது அது மேற்கோளாக இல்லை. பகலெல்லாம் கலால் துறைக் கோப்புகளில் சாராயக் கடை உரிமங்களைப் படித்தவர் அவர். ஆயினும் ஒரு குவளை பீர் அருந்துவதற்குக் காரணம் என்று கையில் எதுவும் இல்லை. இரண்டு முறை அவ்வாசலைக் கடந்து சென்றார். மூன்றாம் முறை உள்ளே நுழைந்தார்.

உயர்ந்த கூரையின்கீழ் மின்விசிறிகள் மெல்லச் சுழன்றுகொண்டிருந்தன. சில தலைகள் திரும்பி, மீண்டும் தத்தம் பேச்சுக்குத் திரும்பின. முதிய பணியாளர் ஒருவர் சுவரோர மேசையைக் காட்டினார். பீரும், கடுகுச் சாந்தோடு கொடுவா மீன் வறுவலும் வந்தன. குறிப்பேட்டைத் திறந்து ஒரு மணி நேரம் எழுதினார். வேறெதுவும் நிகழவில்லை. நிகழாமல் இருந்ததே அவருக்குப் பெரிதாகப் பட்டது.

கடைசி வாரத்தில் காப்பகத்தில் அறிமுகமான ஆய்வு நண்பரோடு இசை கேட்கப் பார்க் தெருவுக்குச் சென்றார். பட்டுப்புடவையும் பெரிய பொட்டுமாக உஷா உதுப் 1969இல் பாடத் தொடங்கிய டிரிங்காஸ் அங்கேதான் இருக்கிறது. தமிழ்க் குடும்பத்துப் பெண் ஒருவர் இரவு உணவகத்தில் பாடியது அக்காலத்தில் சிறு செய்தியன்று. இசை முடிந்தபோது பத்தரை மணி. நண்பர் நடந்தே தம் அறைக்குப் போனார். தெரு வியாபாரிகளின் விளக்குகள் ஒவ்வொன்றாக அணைந்துகொண்டிருந்தன. பகலில் அவரைச் சாலையில் இறங்கி நடக்கவைத்த அதே தள்ளுவண்டிகள்தான் மாலையில் அவருக்கு வெளிச்சமும் துணையுமாக இருந்தன. 1996இல் ‘ஆபரேஷன் சன்ஷைன்’ என்ற பெயரில் அரசு நடைபாதைகளிலிருந்து அகற்றியதும், பின்னர் திரும்பி வந்ததும் இத்தகைய கடைகளையே. அவை மூடியபின் அதே இரண்டு கிலோமீட்டர் வேறொன்றாகிவிட்டது. அவர் மஞ்சள் டாக்சியை நிறுத்தினார்.

ஊர் திரும்புமுன் இருவரும் கணக்குகளை ஒப்பிட்டுப் பார்த்தனர். உணவுச் செலவு ஏறக்குறைய சமம். அவருடைய ஏட்டில் அதே தலைப்பின்கீழ் நண்பரிடம் இல்லாத ஒரு வரி இருந்தது: இரவு டாக்சி, ஐந்து முறை, எழுநூற்று இருபது ரூபாய்.

“இது பயணச் செலவல்லவா? உணவுக் கணக்கில் ஏன் எழுதியிருக்கிறீர்கள்?” என்று நண்பர் கேட்டார்.

“இலைக்கும் தனி விலை உண்டே” என்றார் அவர்.