விடுபட்ட 24

நேற்று ராத்திரி மகளின் கணக்கு நோட்டைப் புரட்டினேன். அடைப்புக்குறிக்குள் இருக்கும் இரண்டு எழுத்துகளின் கூட்டலை வர்க்கப்படுத்தச் சொன்னால், இரண்டையும் தனித்தனியாக வர்க்கப்படுத்திக் கூட்டி வைத்திருக்கிறாள். அந்த வயதில் நானும் செய்த அதே தப்பு!

திட்டவில்லை. "எழுத்தை எடுத்துட்டு 3, 4 போட்டுப் பாரும்மா" என்றேன். (3 + 4)² என்றால் 49. அவள் வழியில் 9 + 16 = 25. மீதி 24 எங்கே?

கட்டம் போட்ட தாளில் 7-க்கு 7 சதுரம் வரைந்தோம். எதிரெதிர் மூலைகளில் 9 கட்டம், 16 கட்டம். மிச்சமிருந்த இரண்டு செவ்வகங்களிலும் பன்னிரண்டு பன்னிரண்டு. "அட, இங்கதான் ஒளிஞ்சிருக்கா!" என்று சிரித்தாள்.

அடுத்த பக்கம் வடிவியல். படத்தில் செங்கோணம் மாதிரி தெரிந்ததால் 90 டிகிரி என்று எழுதிவிட்டாள். கணக்கில் அப்படிச் சொல்லவே இல்லை. படம் யோசிக்க உதவும், சாட்சி சொல்லாது. கொடுத்த தகவலும் தேற்றமும்தான் சாட்சி.

பிள்ளைகளின் தப்பைச் சிவப்பு மையால் சுழிக்கும் முன், எண்ணைப் போட்டுச் சரிபார்க்கச் சொல்லுங்கள். எங்கே சறுக்கியது என்று அவர்களே கண்டுபிடிப்பார்கள்.