தோழர் நடந்த வீதி

திருவாரூருக்குப் பரப்பே பெருமை. கோயில் ஐந்து வேலி, குளம் ஐந்து வேலி, ஓடை ஐந்து வேலி என்பது ஊர் வழக்கு. கீழைக் கோபுரம் கடந்தால் வானளாவிய திருமுற்றம். மேற்கே கடல்போல் கமலாலயம். அடியார் நெஞ்சு குளிரும் இவ்விரிவே பதினாறு வயதுப் பெண் ஒருத்திக்கு நடுக்கம் தந்தது.

மயிலாடுதுறையைச் சேர்ந்த அவள் ஓராண்டாக வாசற்படி தாண்டியதில்லை. கூட்டத்திலோ வெட்டவெளியிலோ நின்றால் மூச்சு முட்டும். தப்ப வழியில்லை என்று மனம் பதறும். மருத்துவர்கள் இதனை அகோராபோபியா என்பர். உறவினர் சிலர் சோம்பல் என்றனர்; அச்சொல் நோயினும் கொடிது. அஞ்சும் இடத்தைச் சிறிது சிறிதாகப் பழகுவதே மருத்துவர் காட்டிய வழி. உடன் நடக்க வந்தவள் பள்ளித் தோழி. முதலில் திண்ணை, அடுத்துத் தெருமுனை, பின்னர்ப் பேருந்து நிறுத்தம். 'திரும்பலாம்' என்றால் மறுபேச்சின்றித் திரும்பிவிடுவாள். ஏழாம் மாதம், தாயாருடன் இருவரும் ஆரூர் வந்தனர்.

தோழமைக்குரிய தலம் இது. தம்பிரான் தோழராகிய சுந்தரருக்காக, பரவையாரின் ஊடல் தீர்க்க ஈசன் நள்ளிரவில் இருமுறை தூது நடந்தது இவ்வீதிகளில்தான். சங்கிலியாருக்கு அளித்த சூளுறவு பிழைத்துக் கண்ணிழந்த சுந்தரருக்குத் திருவெண்பாக்கத்தில் ஊன்றுகோல் கிடைத்தது, காஞ்சியில் இடக்கண், மறுகண் ஆரூரில். தோழனே ஆயினும் இறைவன் யாவற்றையும் ஒரே நாளில் தந்துவிடவில்லை.

கீழவீதியில் உள்ள பரவையுண்மண்டளி என்னும் தூவாய்நாதர் கோயில் சிறியது. பெரிய கோயிலுக்கு விரைவோர் பலர் இதனைக் கவனிப்பதில்லை. அது பெருங்குறையே. சுந்தரர் முதலில் இங்குப் பாடிப் பணிந்த பின்னரே பெரிய கோயில் சென்று கண் பெற்றார் என்கிறது பெரியபுராணம். தோழியர் இருவரும் அம்முறையிலேயே சென்றனர்.

பெரிய கோயிலில் சாயரட்சை நேரம். தேவர்களும் தொழ வருவதாகக் கருதப்படும் வேளை அது. கூட்டத்துக்குக் கேட்க வேண்டுமா? தேவாசிரிய மண்டபத் தூண் ஒன்றைப் பற்றி நின்றவளின் கை சில்லிட்டது.

"போயிடலாமாடி?" என்றாள் தோழி.

"மணி அடிக்கட்டும். அப்புறம் உள்ளே போகலாம்."

அன்று அவர்கள் கடைசி வரிசையில் நின்று தியாகேசரைத் தொழுதனர். கமலாலயக் கரைக்குச் செல்லவில்லை. அதனை அடுத்த வருகைக்கு வைத்துக்கொண்டனர்.