சிவப்புப் பொத்தான், பச்சைப் பொத்தான்

பார்வையாளரே கதையை நடத்தலாம் என்று சொல்லி ஒரு படம் வந்தால், என்ன கேட்கிறார்கள் என்பதைவிட யார் கேட்கிறார்கள் என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன்.

1967இல் மான்ட்ரியல் உலகக் கண்காட்சியில், செக்கோஸ்லோவாகியா அரங்கில் 'கினோஆட்டோமாட்' காட்டப்பட்டது. ரதூஸ் சின்செரா உருவாக்கியது. ஒவ்வொரு இருக்கையிலும் ஒரு சிவப்புப் பொத்தான், ஒரு பச்சைப் பொத்தான். கதை ஒரு சிக்கலுக்கு வந்ததும் படம் நின்றுவிடும். கதாநாயகன் நோவாக்காக நடித்த மிரோஸ்லாவ் ஹோர்னிசெக்கே மேடைக்கு வந்து, அடுத்து என்ன செய்யலாம் என்று கேட்பார். பெரும்பான்மை சொன்ன வழியில் படம் தொடரும்.

ஆரம்பத்தில் வரும் கேள்வி இது: துண்டை மட்டும் சுற்றிக்கொண்டு, தன் வீட்டுக் கதவு சாத்திக்கொண்டதால் வெளியே மாட்டிக்கொண்ட பக்கத்து வீட்டுப் பெண்ணை நோவாக் உள்ளே விடலாமா? அவர் மனைவி வரும் நேரம். நகைச்சுவைப் படம்தான், சிரிக்கலாம். ஆனால் வாக்கெடுப்பு நோவாக்கின் சங்கடத்தைப் பற்றியது. நடையில் நிற்பவளிடம் எந்தக் கேள்வியும் இல்லை. மனைவியிடமும் இல்லை. அவர்கள் இருவரும் அவருக்கு நேரும் சிக்கல்கள், அவ்வளவுதான்.

எந்தப் பொத்தானை அழுத்தினாலும் கிளைகள் சற்றுத் தூரம் போய் ஒன்றாகச் சேர்ந்துவிடும். கட்டடம் தீப்பிடிப்பது மாறாது. ஒவ்வொரு கேள்விக்கும் கதை உண்மையாகவே பிரிந்தால், ஐந்து கேள்விக்கே 32 முடிவுகளைப் படமெடுக்க வேண்டும், யாரால் முடியும்? இதில் ஏமாற்று இருப்பதாகச் சிலர் வருத்தப்படுவார்கள். பெண்களுக்கு இது பழகிய ஏற்பாடு. முகூர்த்தப் புடவை அரக்கா பச்சையா என்று நம்மிடம் கேட்பார்கள். கல்யாணம் வேண்டுமா என்பது பொத்தானில் இருக்காது. 2018இல் வந்த 'பேண்டர்ஸ்னாட்ச்' கூட, காலை உணவுக்கு எந்தப் பாக்கெட் என்ற கேள்வியோடுதான் தொடங்குகிறது.

பொத்தானே இல்லாத பங்கேற்பை என் வீட்டில் பார்த்திருக்கிறேன். அம்மா மதியச் சீரியலோடு பேசுவாள். (ரிமோட் அப்பா வரும்வரைதான் அவளிடம்.) அவரைக்காய் ஆய்ந்தபடியே திரையில் அழுபவளை அதட்டுவாள்: "இன்னும் ஏன்டி அங்க நிக்கிற? பொட்டிய எடுத்துட்டுக் கெளம்பு." சீரியல் பார்க்கும் பெண்களைக் கேலி செய்பவர்கள் இந்தக் குரலைக் கேட்டிருக்க மாட்டார்கள். மாமியாரிடமும் கணவனிடமும் ஒரு நாளும் எழும்பாத குரல் அது. எழுதி முடித்த காட்சியை அது மாற்றாது. ஆனால் கேள்வி அவளுடையது, பதிலும் அவளுடையது.

அந்த வருடம் அக்கா புகுந்த வீட்டிலிருந்து திரும்பி வந்திருந்தாள். முழங்கையில் காயம். அவளிடம் அம்மா தினமும் சொன்னது வேறு: "கொஞ்சம் அனுசரிச்சுப் போம்மா." இரண்டு வசனங்களும் அதே கூடத்தில், சில சமயம் அரைமணி நேர இடைவெளியில்.

ஒரு மதியம் அக்கா கேட்டேவிட்டாள்: "அவகிட்ட சொல்றத எங்கிட்ட சொல்ல மாட்டியாம்மா?"

அம்மா பதில் சொல்லவில்லை. சத்தத்தைக் குறைத்தாள். சீரியல் முடியும்வரை திரையோடும் பேசவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை அத்தான் அழைத்துப்போக வந்தார். அம்மா காபி கொடுத்தாள். அக்காவின் பெட்டி பரண் மேலேயே இருந்தது. அதை இறக்கச் சொல்லி அப்பா இரண்டு முறை கூப்பிட்டார், அம்மா அடுப்படியை விட்டு வரவில்லை.